மாஸ்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் நீண்டுபோன பதில்களும்

கார் பைத்தியம் என்று ஊருக்குள் பெயர் எடுத்துவிட்டால் கேள்விகள் தானாக வந்து சேரும். டொயோட்டா, ஹோண்டா பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் வருவது பெரும்பாலும் மாஸ்டா என்ற ஜப்பான் கார் நிறுவனம் பற்றி. இந்தியச் சாலையில் ஓடாத ஒரு காரின் மேல் இவனுக்கு என்ன இவ்வளவு பாசம் என்ற சந்தேகமாகவும் இருக்கலாம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஸ்வராஜ் மாஸ்டா வேன் ஓடியதே, அந்த மாஸ்டாவும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். நான் போன பள்ளி வேனின் நெற்றியில் அந்தப் பெயர் இருந்தது. வெகுநாள் வரை மாஸ்டா என்பது ஒரு பஞ்சாபிக்காரர் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

1980களில் இந்தியாவில் இலகுரக லாரி தயாரிக்க ஜப்பான் நிறுவனங்கள் நான்கு ஜோடி கட்டி வந்தன. டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐஷர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மாஸ்டா. கடைசியாகச் சொன்னது பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனமும் மாஸ்டாவும் சுமிடோமோ என்ற ஜப்பான் வணிக நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. தொழிற்சாலை பஞ்சாபில், ரோப்பார் பக்கம். பிறகு மாஸ்டா விலகிக்கொண்டது, ஆனாலும் பெயர் பல வருடம் வண்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. 2011இல் நிறுவனம் எஸ்எம்எல் இசுஸு ஆனது.

மாஸ்டா என்றால் என்ன அர்த்தம்?

இரண்டு காரணம் சொல்வார்கள், இரண்டும் சரிதான். நிறுவனத்தை வளர்த்தவர் பெயர் ஜுஜிரோ மட்சுதா. ஜப்பானியர்கள் இன்றைக்கும் காரின் பெயரை 'மட்சுதா' என்றுதான் உச்சரிக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'மாஸ்டா' என்று எழுதியது ஜரதுஷ்டிர மதத்தின் ஒளிக்கடவுளான அகுரா மஸ்தாவை மனதில் வைத்து. நம் நாட்டுப் பார்சிகள் வணங்கும் அதே தெய்வம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் 1909 முதல் பல்புகளுக்கு இதே பெயரை வைத்து விற்றது. அதற்கும் இந்தக் காருக்கும் எந்த உறவும் இல்லை. ஒரே சாமி பெயரை இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்த மாதிரி.

கார்க் மூடி செய்த நிறுவனம் என்பது உண்மையா?

உண்மை. 1920 ஜனவரியில் ஹிரோஷிமாவில் தொடங்கியபோது அதன் பெயர் டோயோ கார்க் கோக்யோ, அதாவது கார்க் தொழிற்சாலை. அடுத்த வருடமே தலைமைக்கு வந்த ஜுஜிரோ, மீனவக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதிலேயே ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப் பட்டறையில் வேலை பழகியவர். அவருக்குக் கை துறுதுறுத்தது இரும்பில்தான், மரப்பட்டையில் இல்லை. 1925இல் தீ விபத்தில் கார்க் ஆலை எரிந்தது. 1927இல் பெயரிலிருந்த 'கார்க்' போய் வெறும் டோயோ கோக்யோ ஆனது. 1931இல் வெளிவந்தது மாஸ்டா-கோ என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி. முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி தள்ளுவண்டி. நம்மூர் லோடு ஆட்டோவுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அணுகுண்டு விழுந்தபோது தொழிற்சாலை எப்படித் தப்பியது?

ஒரு குன்று காப்பாற்றியது. ஹிரோஷிமா நகருக்குக் கிழக்கே ஹிஜியாமா என்று சிறிய மலை ஒன்று இருக்கிறது. நம் கணக்கில் அது ஒரு கரடு, அவ்வளவுதான். தொழிற்சாலை அதற்கு அந்தப் பக்கம், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடிகள் நொறுங்கின, கூரைகள் பெயர்ந்தன, கட்டடங்கள் நின்றன. நகருக்குள் இருந்த ஊழியர்கள் பலர் திரும்பவில்லை.

1945 ஆகஸ்ட் 6 ஜுஜிரோவின் பிறந்தநாளும்கூட. அன்றைக்கு எழுபது வயது. காலையிலேயே நகரின் நடுவில் முடிதிருத்தகத்துக்குப் போய், சீக்கிரம் முடித்துக்கொண்டு தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டார். வெடித்தது 8.15 மணிக்கு. அவர் தப்பினார், மகன் ஒருவரை இழந்தார்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். அரசு அலுவலகம் எதுவும் மிஞ்சவில்லை என்பதால் ஹிரோஷிமா மாகாண நிர்வாகம் இந்தத் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அடிபட்டவர்களுக்கு மருத்துவமும் அங்கேயே நடந்தது. இவ்வளவுக்கும் நடுவில் அந்த டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி மறுபடி உற்பத்தியாகத் தொடங்கிவிட்டது. நான்கே மாதம். இடிபாட்டை அள்ளவும் மரமும் அரிசியும் ஏற்றவும் ஊருக்கு அப்போது அந்த வண்டிதான் வேண்டியிருந்தது.

ஹிரோஷிமாக்காரர்களுக்கும் இந்த நிறுவனத்துக்கும் உள்ள ஒட்டுதல் அங்கிருந்து வருவது. ஊரின் பேஸ்பால் அணியின் பெயர் இன்றைக்கும் ஹிரோஷிமா டோயோ கார்ப். அதிலுள்ள 'டோயோ' இந்தத் தொழிற்சாலைதான்.

முதல் கார் எது?

1960இல் வந்த ஆர்360 கூபே. 356 சிசி, இரண்டு கதவு, பின்சீட்டில் குழந்தைகள் மட்டும் உட்காரலாம். விலை மூன்று லட்சம் யென்.

ரோட்டரி எஞ்சின், ரோட்டரி எஞ்சின் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

வீட்டில் பழைய ஆட்டுக்கல் இருந்தால் பாதி விளக்கம் அங்கேயே கிடைக்கும். குழவி குழிக்குள் சுழலும்போது இரண்டு வேலை செய்கிறது. தன்னைத்தானே சுற்றுகிறது, குழியின் சுவரை ஒட்டியும் வட்டமடிக்கிறது. குழவிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடம் ஒரு பக்கம் விரிந்து, மறு பக்கம் ஒடுங்கி மாவை நசுக்குகிறது.

இப்போது அந்தக் குழவியை பக்கங்கள் சற்று உப்பிய முக்கோணமாகவும், குழியை வேர்க்கடலைத் தோடு மாதிரி இடுப்பு ஒடுங்கிய வடிவமாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். முக்கோணத்தின் மூன்று முனையும் எப்போதும் சுவரைத் தொட்டபடியே சுற்றும். சுவருக்கும் மூன்று பக்கங்களுக்கும் இடையில் மூன்று அறைகள். சுற்றச் சுற்ற ஒவ்வொரு அறையும் பெரிதாகிறது, சிறிதாகிறது. பெரிதாகும்போது பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். ஒடுங்கும்போது அழுத்தம் ஏறும். பிளக் பொறி தட்டும், வெடிப்பு முக்கோணத்தைத் தள்ளும், அடுத்து புகை வெளியேறும். முக்கோணம் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலே போய், நின்று, கீழே வந்து, நின்று, மறுபடி மேலே போகும். இதில் அந்த நின்று நின்று போகும் வேலையே கிடையாது. வால்வும் இல்லை, வால்வைத் தூக்கும் உறுப்புகளும் இல்லை. எஞ்சின் சிறியது, எடை குறைவு, அதிர்வு குறைவு. நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு ஏற்றினாலும் தையல் மெஷின் மாதிரி வழவழவென்று போகும். சத்தம் வேறு எந்தக் காரிலும் கேட்காத ஒரு ரீங்காரம். ஒருமுறை கேட்டவர்கள் பேச்சில் அதைப் பாடிக் காட்ட முயல்வார்கள், யாருக்கும் சரியாக வராது.

இதைக் கண்டுபிடித்தது மாஸ்டாவா?

இல்லை. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல். என்எஸ்யு என்ற ஜெர்மன் நிறுவனத்தில் 1957இல் முதல் மாதிரி ஓடியது. அதற்கு உலகமே வரிசையில் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ், மெர்சிடீஸ், சிட்ரோயன், ரோல்ஸ் ராய்ஸ் எல்லாரும் உரிமம் வாங்கினார்கள் அல்லது கைவைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். என்எஸ்யுவே இந்த எஞ்சினை வைத்து 1967இல் விட்ட ரோ 80 காரின் பழுதுச் செலவைத் தாங்க முடியாமல் தள்ளாடி, 1969இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது.

பெரிய நிறுவனங்களே விட்டதை இவர்கள் ஏன் பிடித்துக்கொண்டார்கள்?

பயத்தில். 1960களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசின் தொழில் அமைச்சகம் ஒரு கணக்குப் போட்டது. வெளிநாட்டுக் கார்கள் வரப்போகின்றன, நம்மிடம் சில்லறை சில்லறையாக இத்தனை கார் கம்பெனிகள் எதற்கு, இணைத்துவிடலாம் என்று. தாமதமாக வந்து கார் செய்யத் தொடங்கிய டோயோ கோக்யோவின் கழுத்தில்தான் முதல் கத்தி. அடுத்தவன் செய்ய முடியாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாக நிற்கவிடுவார்கள் என்று அப்போதைய தலைவர் ட்சுனேஜி மட்சுதா முடிவெடுத்தார். 1961இல் என்எஸ்யுவுடன் ஒப்பந்தம்.

ஜெர்மனியிலிருந்து வந்த மாதிரியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆட்டம், வெள்ளைப் புகை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சில நூறு மணி நேரத்திலேயே எஞ்சினின் உட்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல். முக்கோணத்தின் முனையில் கசிவைத் தடுக்கப் பொருத்தும் சீல் சுவரை வழுக்கிக்கொண்டு போகாமல் கிடுகிடுவென்று தட்டிக்கொண்டே போனதால் விழுந்த தடம். பள்ளிக்கூடக் கரும்பலகையில் சாக்பீஸைத் தப்பான கோணத்தில் பிடித்தால் புள்ளிப் புள்ளியாகத் துள்ளிக்கொண்டு போகுமே, அதேதான். பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'பேயின் நகக்கீறல்'.

1963இல் கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பேரைக் கொண்ட தனிப் பிரிவு அமைந்தது. தலைவனுக்காக உயிர்விட்ட 47 சாமுராய்களின் பழைய கதை ஜப்பானில் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். அதனால் இவர்களுக்கும் 47 பேர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. சீலின் வடிவத்தை மாற்றினார்கள், உள்ளே துளையிட்டு அதன் துடிப்பையே மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கரித்தூளையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சீல் கைகொடுத்தது. ஒற்றை முக்கோணத்துக்குப் பதில் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்ததில் ஆட்டமும் அடங்கியது.

1967 மே மாதம் கோஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. இரண்டு ரோட்டர் (அந்த முக்கோணம்தான் ரோட்டர்) எஞ்சினோடு விற்பனைக்கு வந்த முதல் கார். 1972 வரை செய்தது மொத்தம் 1,176. லாபத்துக்குச் செய்த கார் அல்ல, அமைச்சகத்தின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்த பதில் என்பது என் கட்சி.

இவ்வளவு நல்ல எஞ்சின் என்றால் இன்று ஏன் எல்லாக் காரிலும் இல்லை?

பெட்ரோல் குடிக்கும், எண்ணெயும் குடிக்கும். எரியும் அறை நீளமாக, ஒல்லியாக இருப்பதால் தீ ஓரம்வரை முழுதாகப் பரவாது. எரியாத பெட்ரோல் புகையோடு வெளியே போகும். முனைச் சீல் தேயாமலிருக்க எஞ்சின் ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தெளித்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் எரிந்துபோகும்.

1973வரை யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் முன் வரிசையில் நின்றவர்களுக்கு ரோட்டரி வேண்டாத பொருளாகிவிட்டது. காரெல்லாம் தேங்கின. சுமிடோமோ வங்கி வந்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. ஆட்குறைப்புக்குப் பதில், ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை ஜப்பான் முழுக்க உள்ள ஷோரூம்களுக்கு கார் விற்க அனுப்பினார்கள். நேற்றுவரை லேத்தில் நின்றவர் இன்று கழுத்துப்பட்டை கட்டி அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். என்ன பேசியிருப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன்.

கடைசியில் கரை சேர்த்தது சாதாரண பிஸ்டன் எஞ்சின் கார். 1980இல் வந்த ஃபமிலியா, ஜப்பானின் முதல் 'இவ்வாண்டின் கார்' விருதை வாங்கியது. கடல் பக்கமே போகாத இளைஞர்கள்கூட சிவப்பு ஃபமிலியாவின் கூரையில் அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு டோக்கியோவைச் சுற்றினார்கள்.

லெ மான்ஸ் வெற்றி பற்றிச் சொல்லுங்கள்.

அதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்றாலும் தப்பில்லை.

பிரான்சின் லெ மான்ஸ் பந்தயம் 24 மணி நேரம் ஓடும். ஓட்டுநர் மாறலாம், கார் மாற முடியாது. மாஸ்டா பல வருடம் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. விதி மாற்றத்தால் ரோட்டரிக்குக் கதவு சாத்தப்படும் நேரத்தில் வந்தது 1991 பந்தயம். இவர்களுக்குச் சாதகமாக ஒன்றே ஒன்று இருந்தது. ஜாகுவாரும் மெர்சிடீஸும் 1,000 கிலோ எடை சுமக்க, மாஸ்டா 830 கிலோவோடு ஓட அனுமதி வாங்கியிருந்தார்கள். கேட்டபோது மற்ற அணிகள் ஆட்சேபிக்கவில்லை. மாஸ்டாவை யார் பொருட்படுத்தினார்கள்?

55ஆம் எண், 787பி. ஆரஞ்சும் பச்சையும் கட்டம் கட்டமாகச் சேர்ந்த, கண்ணைப் பறிக்கும் வண்ணம். நான்கு ரோட்டர், சுமார் 700 குதிரைசக்தி. ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண்ட் காஷோ மூவரும் மாறி மாறி ஓட்டினார்கள். 19ஆம் இடத்தில் கிளம்பி, ராத்திரி முழுக்க நழுவி நழுவி முன்னேறினார்கள். ஞாயிறு மதியம் முன்னணியில் இருந்த மெர்சிடீஸ் சூடேறிப் பட்டறைக்குள் நுழைந்தது, வெளியே வந்து சண்டை போடவில்லை. 55 முந்தியது. கடைசிக் கட்டத்தில் ஹெர்பர்ட்டை இறக்கி ஆள் மாற்றினால் ஓடுகிற தாளம் கெட்டுவிடும் என்று அவரையே தொடரவிட்டார்கள். 362 சுற்று, 4,900 கிலோமீட்டருக்கு மேல். கொடி விழுந்ததும் ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றி மயங்கிவிட்டார். மேடையில் மற்ற இருவரும் கோப்பை வாங்கும்போது அவர் சிகிச்சை அறையில் படுத்திருந்தார். 2011இல் அதே காரை அதே களத்தில் ஓட்ட அழைத்து, இருபது வருடம் கழித்து மேடையேற்றினார்கள்.

பந்தயம் முடிந்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது தேய்மானம் மிகக் குறைவாக இருந்ததாம். பேய் கீறிய இடம்!

ஜப்பான் நிறுவனம் ஒன்று லெ மான்ஸில் வென்றது அதுதான் முதல் முறை. அடுத்த ஜப்பான் வெற்றிக்கு டொயோட்டா 2018வரை காத்திருந்தது. பிஸ்டன் இல்லாமல் வென்ற கார் இன்றுவரை அது ஒன்றே.

ரோட்டரியே தெரியாதவர்கள்கூட எம்எக்ஸ்-5 என்று உருகுகிறார்களே?

இரண்டு சீட்டு, திறந்த கூரை, பின்சக்கர இழுவை, சின்ன எஞ்சின். இங்கிலாந்து நிறுவனங்கள் செய்துகொண்டிருந்து, 1980க்குள் ஏறக்குறைய கைவிட்ட வகை. அதை நீங்கள் செய்யலாமே என்று யாமமோட்டோவிடம் சொன்னவர் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். சொன்னவரையே பிறகு வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் வந்தது.

வேகமான கார் என்று சொல்ல முடியாது. முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் எஞ்சின், 115 குதிரைசக்திதான். ஆனால் எடை 950 கிலோ அளவில். இதன் தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய் பிடித்துக்கொண்ட சொல் 'ஜின்பா இத்தை'. குதிரையும் ஆளும் ஒரே உடம்பு என்று பொருள். விளம்பர வாசகம் போலத் தோன்றும். கியர் மாற்றிப் பார்த்தவருக்குத் தோன்றாது. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதனால் ஆக்சிலேட்டரை மிதிப்பதற்கும் கார் கிளம்புவதற்கும் இடையில் தொங்கல் இருக்காது. கியர் கம்பி கட்டைவிரல் நீளத்துக்கு நகர்ந்து 'டக்' என்று உட்காரும். மணிக்கட்டு அசைந்தால் போதும், தோள் அசைய வேண்டாம். கூரைக்கு மோட்டார் இல்லை. இரண்டு கொக்கியைக் கழற்றி, உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளலாம்.

2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. திறந்த கூரை கொண்ட இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைவிட அதிகம் விற்றது எதுவும் இல்லை.

ஃபோர்டு கம்பெனிதான் மாஸ்டாவின் முதலாளி என்று கேள்விப்பட்டேனே?

ஒரு காலத்தில், கிட்டத்தட்ட. 1979இல் சுமார் கால் பங்கு வாங்கினார்கள், 1996இல் மூன்றில் ஒரு பங்காக்கி, தங்கள் ஆளான ஹென்றி வாலஸைத் தலைவராக உட்கார வைத்தார்கள். ஜப்பான் கார் நிறுவனமொன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுவே முதல் தடவை. 2008 நிதி நெருக்கடியில் ஃபோர்டு விற்க ஆரம்பித்து, 2015இல் முழுக்க வெளியேறியது. இப்போது டொயோட்டாவிடம் சுமார் ஐந்து சதவீதம் இருக்கிறது.

மாஸ்டாவின் ரோட்டரி ஸ்போர்ட்ஸ் காரான ஆர்எக்ஸ்-7ஐப் பழையதாக வாங்கலாமா?

வெளிநாட்டில் இருக்கிறீர்களா? மனைவி சம்மதமா? அப்படியென்றால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கம்ப்ரஷன் சோதனை, அதாவது அறைகளுக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்ற சோதனை, பார்க்காமல் வாங்காதீர்கள். அதையும் ரோட்டரிக்கான தனிக் கருவியால் பார்க்க வேண்டும், சாதாரண மீட்டர் மூன்று அறையையும் பிரித்துக் காட்டாது. வாங்கியபின், பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். எஞ்சின் சூடாகும்வரை விரட்டாதீர்கள். சூடானபின் அவ்வப்போது சிவப்புக் கோடுவரை விரட்டத்தான் வேண்டும், கரி படியாமலிருக்க.

இப்போதைய மாஸ்டாவில் என்ன விசேஷம்?

ஆண்டுக்கு 12, 13 லட்சம் கார் விற்கும் நிறுவனம். டொயோட்டா கோடியைத் தாண்டி விற்கிறது. ஆனாலும் எல்லாரும் எஞ்சினைச் சிறிதாக்கி டர்போ மாட்டிய காலத்தில் இவர்கள் 14க்கு 1 என்ற அழுத்த விகிதத்தில் பெட்ரோல் எஞ்சின், டீசல் எஞ்சின் இரண்டையும் செய்தார்கள். பெட்ரோலுக்கு அது மிக அதிகம், டீசலுக்கு மிகக் குறைவு. இரண்டும் ஓடுகின்றன. பல நிறுவனங்கள் திரையைத் தொட்டே எல்லாம் செய் என்றபோது, இவர்கள் ஓட்டுபவர் கண் சாலையில் இருக்கட்டும் என்று வெகுகாலம் திருகுகுமிழையே வைத்திருந்தார்கள்.

அப்புறம் மாஸ்டா கார்களின் அந்தச் சிவப்பு வண்ணம். மேகம் மூடிய நாளில் பார்த்தால் காய்ந்த மாதுளைத் தோல், வெயில் பட்டால் உள்ளே இருக்கும் முத்து. வடிவமைப்புத் தலைவராக இருந்த இகுவோ மாயேதாவின் அப்பாதான் முதல் ஆர்எக்ஸ்-7ஐ வரைந்தவர்.

இந்தியாவில் எப்போது வரும்?

வருவதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. விலையில் பத்தாயிரம் ரூபாய்க்கு மல்லுக்கட்டும் சந்தையில் சின்னக் கம்பெனி தொழிற்சாலை கட்டுவது கடினம். இறக்குமதி செய்தால் வரியே இன்னொரு கார் விலை வந்துவிடும். இலங்கை நண்பர்கள் இந்தக் கேள்விக்குச் சிரிப்பார்கள். அவர்கள் ஃபமிலியாவிலும் டெமியோவிலும் போய்வந்து பழகியவர்கள்.

ரோட்டரி செத்துவிட்டதா?

அப்போது மிஞ்சியிருந்த ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8இன் உற்பத்தி நின்ற 2012இல் அப்படித்தான் எழுதினார்கள். 2023இல் எம்எக்ஸ்-30 காரில் திரும்பி வந்தது, வேறு வேலைக்கு. சக்கரத்தை ஓட்டுவது மின்மோட்டார். சுமார் 85 கிலோமீட்டர் போனபின் பேட்டரி தீர்ந்தால், 830 சிசி ஒற்றை ரோட்டர் எஞ்சின் ஜெனரேட்டராக நின்று மின்சாரம் செய்து கொடுக்கும். அதே ஆண்டு டோக்கியோ கண்காட்சியில் இரண்டு ரோட்டரோடு ஐகானிக் எஸ்பி என்ற ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியையும் வைத்தார்கள். சிவப்பு நிறம், மேலே எழும் கதவு. விற்பனைக்கு வருமா என்று என்னிடம் கேட்காதீர்கள், நானும் அதைத்தான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.